ஒரு வரி நழுவிய பக்கம்

முதலாளிக்குப் பக்கம் புரட்ட எச்சில் வேண்டும். ஆள்காட்டி விரலை நாக்கில் வைத்து, போதுமான அளவு நனைத்து, தாளின் மூலையில் அழுத்தி ஒரு இழு. அவர் பார்த்து முடித்த தாள்கள் நேராகப் பொருளம்மாவின் மேஜைக்குத்தான் வரும். மூலையெல்லாம் ஈரம். அவர் கொறித்த கடலையின் தோல் ஒன்றிரண்டு அந்த ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். பொருளம்மா தாளின் நடுவில் இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி, தோலை ஊதித் தள்ளிவிட்டு, சிவப்புப் பேனாவைத் திறப்பாள். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவளுக்கு அது பழகவில்லை. குமட்டல் வந்தால் ஜன்னலைத் திறக்கலாம் என்றால், ஜன்னலுக்குக் கீழேதான் பைண்டிங் அறையின் மாவுப் பசை காய்ச்சுகிற அடுப்பு. நேற்றுக் காய்ச்சி மீந்த பசை புளித்து நாறும். உள்ளே எச்சில், வெளியே புளிப்பு. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது மட்டும் அவள் இஷ்டம்.

அது பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைடு போடுகிற அச்சகம். பொருளம்மா என்பது அங்கே அவளுக்கு வைத்த பெயர். பாடத்தின் கடைசிப் பக்கத்தில் 'முக்கியச் சொற்கள்' என்று ஒரு கட்டம் வருமே, இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள், அந்தப் பொருளை எழுதுகிறவள் அவள். அறிவியல், வரலாறு எல்லாம் எழுதியிருக்கிறாள். ஆனால் அவள் மனம் வைத்துச் செய்தது 'உலகப் புவியியலும் பண்பாடுகளும்' என்ற புத்தகத்தைத்தான்.

மனம் வைத்து என்ன செய்ய? ஒரு பொருளுக்கு ஒரு வரி. அதுதான் சட்டம்.

"ரெண்டு வரின்னா பிள்ளைங்க மனப்பாடம் பண்ணாது, பொருளம்மா. மூச்சு வாங்காம சொல்லி முடிக்கிற மாதிரி இருக்கணும். அப்பதான் கைடு ஓடும்" என்பார் முதலாளி.

பாலைவனத்தை ஒரு வரியில் அடைத்தாள். பருவக்காற்றை அடைத்தாள். பண்பாட்டை அடைக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். பழங்குடி என்ற சொல்லுக்கு முதலாளி தானே முன்வந்து 'நாகரிகம் அடையாத மக்கள்' என்று எழுதிக் கொடுத்தபோது, அதை அடித்துவிட்டு 'ஒரு நிலத்தில் தொன்றுதொட்டு வாழும் மக்கள்' என்று மாற்றினாள். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். அந்த அச்சகத்தில் அவள் ஜெயித்தது அது ஒன்றுதான்.

அருவருப்பு அவளுக்குச் சின்ன வயதிலேயே வந்து சேர்ந்தது. பிறந்த நாட்டில் சண்டை மூண்டபோது, அம்மா மூட்டையைச் சுமக்க, இவள் கைக்குழந்தையான தங்கையை இடுப்பில் சுமக்க, எல்லை தாண்டி வந்தவர்கள். வந்து விழுந்தது ஒரு முகாமில். அத்தனை பேருக்கும் சேர்த்துத் தகரம் அடித்த கழிப்பறைகள் கொஞ்சம். மழை பெய்தால் அதிலுள்ளதெல்லாம் வாசல்வரை வரும். இன்றைக்கும் நல்ல மழை பிடித்தால் பொருளம்மா புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொள்கிறாள், வீட்டுக்குள் இருந்தாலும். முகாமில் கொடுத்த தட்டு, வாளி, போர்வை எல்லாவற்றிலும் 'அகதி' என்று பெயிண்டால் எழுதியிருப்பார்கள். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கவிழ்த்தால் அந்தச் சொல். அவள் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் சொல்லே அதுதான். ரொம்ப நாள் வரைக்கும் அதற்குத் தட்டு என்று அர்த்தம் என நினைத்திருந்தாள்.

இப்போது அம்மா இல்லை. அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில், இரண்டே அறையில் இருக்கிறார்கள். தங்கைக்குத் தையல் கம்பெனியில் வேலை. தங்கை புருஷன் கண்காணாத ஊருக்குச் சம்பாதிக்கப் போனவன், போனவன் போனவன்தான். அவர்களுடைய ஒரே பெண்ணை வீட்டில் குட்டி என்று கூப்பிடுவார்கள். பொருளம்மாவுக்குக் கல்யாணம் காட்சி என்று எதுவும் அமையவில்லை. குட்டிதான் அவளுக்கு எல்லாம். குட்டிக்கு நில அளவைப் பயிற்சியில் சேர வேண்டும். சங்கிலியும் கம்பும் கருவியுமாக வெயிலில் நின்று இது உன் நிலம், இது என் நிலம் என்று அளந்து சொல்கிற வேலை. "வேற வேலையே உனக்குக் கெடைக்கலையா?" என்று தங்கை கேட்டால், "அம்மா, நமக்குத்தான் நிலம் இல்லை. அளந்து பாக்கவாவது செய்யறேனே" என்பாள். பயிற்சியில் சேரப் புவியியலில் தேறியிருக்க வேண்டும். பள்ளி தானே பரீட்சை வைத்து, தானே திருத்தி, தானே சான்றிதழ் கொடுக்கும். அது போதும்.

அந்த வீட்டுக்குள் மட்டும் கைடு வந்ததில்லை. "அந்தக் குப்பையை நான் போட்டுட்டு வர்றேனே, அது போதும். இங்க வேண்டாம்" என்று பொருளம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டாள். குட்டிக்குப் புவியியலை அவளே சொல்லிக்கொடுத்தாள். ஒரு வரிக் கணக்கெல்லாம் கிடையாது. தீபகற்பத்துக்குச் சாப்பாட்டுத் தட்டில் தண்ணீர் ஊற்றிக் காட்டினாள். இடப்பெயர்வுக்குத் தெருவில் வீடு மாற்றிப் போகிறவர்களின் வண்டியைக் காட்டினாள். குட்டிக்கு எல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

பரீட்சைக்குச் சில மாதம் முன்பு, எதிர் அச்சகத்துக்காரனின் கைடைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளி குதித்தார். "அவன் 'அகதி'ன்னு ஒரு சொல் கூடப் போட்டிருக்கான்! நம்மகிட்ட இல்லை. உடனே எழுதுங்க."

பொருளம்மா எழுதினாள். 'போருக்கோ பஞ்சத்துக்கோ கொடுமைக்கோ அஞ்சித் தன் நாட்டைவிட்டுத் தப்பி வந்து, திரும்பிப் போக முடியாமல் வேறு நாட்டில் தங்கியிருப்பவர்.' இரண்டு வரி.

முதலாளி விரலை நனைத்து, தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "திரும்பிப் போக முடியாமல்ங்கறதை எடுத்துடுங்க. அஞ்சிங்கறதையும் எடுத்துடுங்க. அழகா ஒரு வரி."

"அதை எடுத்துட்டா ஊர் சுத்திப் பாக்க வந்தவனுக்கும் அகதிக்கும் என்ன சார் வித்தியாசம்?"

"பரீட்சைல வித்தியாசம் கேக்க மாட்டாங்க, பொருளம்மா."

"என்னால முடியாது சார்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்தது அந்த அச்சகத்தில் மட்டுமே நடக்கக்கூடியது. பக்கம் கட்டுகிறவன் முதலாளியின் மச்சினன். அக்காள் புருஷன் தயவில் உட்கார்ந்திருப்பவன். சொல்லை இப்போதே போட்டுவிடலாம், பொருளை அந்தம்மா சுருக்கிக் கொடுத்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று, இடப்பக்கம் வரிசையின் தலையில் 'அகதி'யைச் சேர்த்தான். வலப்பக்கத்தைத் தொடவில்லை. இடப்பக்கச் சொற்கள் எல்லாம் ஒரு வரி கீழே இறங்கின. பொருள்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. கடைசியில் 'வெப்பமண்டலம்' என்ற சொல்லுக்கு எதிரே மட்டும் ஒரு காலியிடம் பல்லை இளித்தது. அப்போதாவது யோசித்திருக்கலாம். அவன் தன் சொந்தப் புத்தியைச் செலவழித்து, 'வெப்பம் மிகுந்த மண்டலம்' என்று அதை அடைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். மறுநாள் காலை பொருளம்மா வருவதற்குள் பக்கம் அச்சேறிவிட்டது. அச்சாகி வந்த புத்தகத்தை அவள் எப்போதும் தொடுவதில்லை. அந்தப் பசை நாற்றம் கைக்கு ஒட்டும் என்று.

பரீட்சை முடிவு வந்தது. குட்டி எல்லாவற்றிலும் தேறி, புவியியலில் கோட்டைவிட்டிருந்தாள்.

பொருளம்மாவால் நம்ப முடியவில்லை. மறுநாளே பள்ளிக்குப் போய்ப் புவியியல் டீச்சரின் முன்னால் நின்றாள். டீச்சர் விடைத்தாளை எடுத்துக் காட்டினார். முக்கியச் சொற்கள் பகுதி முழுக்கச் சிவப்புப் பெருக்கல் குறிகள். தீபகற்பம், மூன்று பக்கம் நீர் சூழ்ந்த நிலம் என்று குட்டி எழுதியிருந்தாள். தப்பு. இடப்பெயர்வு, வாழும் இடத்தை விட்டு வேறிடம் போய்க் குடியேறுவது. தப்பு. அகதிக்கு மட்டும் குட்டி நாலு வரி எழுதியிருந்தாள். அதன்மேல் ஒரே நீளக் கோடாக அடித்திருந்தது.

"டீச்சர், இதுல என்ன தப்பு? எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"கைடுல இப்படி இல்லையேம்மா. இங்க பாருங்க" என்று டீச்சர் கைடைப் பிரித்து நீட்டினார்.

பொருளம்மா பார்த்தாள். அவள் எழுதிய வரிகள்தான். ஒவ்வொன்றும் அடுத்த வீட்டில் போய் உட்கார்ந்திருந்தன. அகதி: நிலநடுக்கோட்டுக்கு இணையாக வரையப்படும் கற்பனைக் கோடு. இடப்பெயர்வு: இரு நாடுகளைப் பிரிக்கும் கோடு. தீபகற்பம்: ஊரும் எழுத்தும் ஆட்சியும் அமைத்து மக்கள் கூடி வாழும் நிலை. பண்பாடு: நீரும் காற்றும் மேல்மண்ணை அடித்துச் செல்லுதல்.

"டீச்சர்... இது ஒரு வரி தள்ளிப்போயிருக்கு. இதைப் போய்..." அவள் வரிகளை விரலால் தொட்டுக் காட்டினாள். "மத்த பிள்ளைங்க எல்லாம்?"

"எல்லாரும் கைடுல உள்ளபடி கரெக்டா எழுதியிருக்காங்க. உங்க பொண்ணு ஒருத்திதான் மாத்தி எழுதியிருக்கா."

"படிக்கிறப்ப உங்களுக்குத் தோணலையா? தீபகற்பத்துல ஆட்சி எப்படி வரும்?"

டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் கணக்கு டீச்சர்மா. புவியியலுக்கு ஆள் இல்லைன்னு என் தலையில கட்டிட்டாங்க. கையில எந்தப் புத்தகம் இருக்கோ அதை வச்சுத் திருத்தறேன். நீங்க சொல்றீங்கன்னு நான் ஒருத்திக்கு மாத்திப் போட்டா, மத்த பெத்தவங்க என்னைச் சும்மா விடுவாங்களா? அச்சுல மாறி வரட்டும், அன்னைக்கே நானும் மாத்திக்கறேன். மறுதேர்வு இருக்கில்ல, எழுதச் சொல்லுங்க."

அங்கிருந்து நேரே முதலாளியிடம் போனாள். முதலாளி பக்கத்தைப் பார்த்தார். முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். மச்சினனைக் கூப்பிட்டுக் காட்டினார். அவனும் சிரித்தான். கடலைத் தோல் அவன் உதட்டிலிருந்து பக்கத்தின்மேல் விழுந்தது.

"சிரிக்காதீங்க சார். ஒரு பொண்ணு பெயிலாயிருக்கு."

"வாஸ்தவம்தான். ஆனா ஸ்கூல்லேர்ந்து யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே. அவங்க கேட்டா மாத்திக்கலாம்."

பள்ளி அச்சைக் கைகாட்டியது, அச்சு பள்ளியைக் கைகாட்டியது. நடுவில் குட்டி நின்றாள். அன்றைக்கு அச்சகக் கழிப்பறைத் தொட்டியின் முன் நின்று பொருளம்மா முகம் கழுவினாள். தொட்டியின் ஓரமெல்லாம் பாசி, அடைத்த தண்ணீரில் யாரோ துப்பிய வெற்றிலைச் சாறு. இதற்குள் கைவிட்டு அடைப்பை எடுக்கலாம், அந்தப் பக்கத்தைச் சரிசெய்ய முடியாது என்று தோன்றியது. தன்மேலும் அவளுக்கு ஆத்திரம் வந்தது. வீட்டுக்குள் கைடை விட்டிருந்தால் இதை முன்பே பார்த்திருப்பாள். வீம்பு பிடித்து, பெண்ணின் தலையில் மண்ணை அள்ளிப் போட்டாயிற்று.

அன்று மாலை முதல்முறையாக ஒரு கைடு அந்த வீட்டுக்குள் வந்தது.

"இதை அப்படியே மனப்பாடம் பண்ணு" என்றாள்.

குட்டி படித்துப் பார்த்துவிட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பெரியம்மா சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினாள். "நிஜமாவா சொல்றீங்க, பெரியம்மா?"

"நிஜமாத்தான். மறுதேர்வையும் அந்த டீச்சர்தான் திருத்துவாங்க."

"எது சரின்னு தெரிஞ்சும் தப்பா எழுதணுமா?"

"மார்க் வேணும்ல?"

குட்டி கெட்டிக்காரி. இரண்டு நாளில் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். பண்பாடு என்றால் மேல்மண் அடித்துப் போவது, எல்லை என்றால் ஆற்றுமுகத்து வண்டல் நிலம். தையல் கம்பெனியிலிருந்து வந்த தங்கை, கைகால் கழுவிக்கொண்டே, "என் பொண்ணு என்னமா படிக்கிறா பாரு அக்கா" என்று பூரித்தாள். அகதியிடம் வந்ததும் குட்டி நின்றுவிட்டாள்.

"இதை மட்டும் சரியா எழுதிடறேன், பெரியம்மா."

"வேண்டாம்."

"அம்மாவும் நீங்களும் வந்ததைத்தானே எழுதப் போறேன்."

"எனக்கென்ன தெரியும்? நான் உங்க பெரியம்மா இடுப்புல இருந்தேன்" என்றாள் தங்கை, துண்டால் முகத்தைத் துடைத்தபடி.

"போன தடவை அதுக்குத்தான் நாலு வரி எழுதின. நீளமா ஒரு கோடு அடிச்சாங்க, பாத்தேன்ல" என்றாள் பொருளம்மா. "மார்க் போடறது நாம இல்லை. அதையும் புத்தகத்துல உள்ளபடியே எழுது."

குட்டி அவளை ஒரு பார்வை பார்த்தாள். பொருளம்மா முதலாளியின் விரலைப் பார்க்கும் அதே பார்வை. பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "அகதி: நிலநடுக்கோட்டுக்கு இணையாக வரையப்படும் கற்பனைக் கோடு" என்று சொல்லி முடித்தாள். தடங்கல் இல்லாமல் சொன்னாள்.

மறுதேர்வுக்குச் சில நாள் இருக்கும்போது முதலாளி அவளைக் கூப்பிட்டார். முகம் வெளிறியிருந்தது. எங்கோ ஒரு வக்கீல் தன் பிள்ளையின் கைடைத் தற்செயலாகப் புரட்டிவிட்டு, தொலைபேசியில் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். மறுபதிப்பு அன்றைக்குத்தான் அச்சேற இருந்தது.

"எடுங்க பொருளம்மா உங்க சிவப்புப் பேனாவை. பொருள் எல்லாத்தையும் ஒரு வரி இறக்கிடுங்க. அகதிக்கும் உங்க இஷ்டப்படி ரெண்டு வரியே போட்டுக்குங்க, போங்க. புதுப் புத்தகம் இந்த வாரமே ஸ்கூலுக்குப் போயிடும்."

இதைக் கேட்கத்தானே அவள் அலைந்தாள்? பக்கத்தை வாங்கிக்கொண்டு பேனாவைத் திறந்தாள். 'அகதி'க்கு எதிரே பேனாவின் முனை நின்றது. இந்த வாரமே பள்ளிக்குப் போகும். டீச்சர் கையில் எந்தப் புத்தகம் இருக்கிறதோ அதை வைத்துத் திருத்துவார். புதுசு வந்து சேர்ந்துவிட்டால் குட்டி எழுதப்போவது எல்லாம் தப்பு. சரியானதை எழுதச் சொல்லலாம் என்றால், புதுசு வந்து சேராவிட்டால் அதுவும் தப்பு. மறுதேர்வுக்கு மறுதேர்வு கிடையாது. நில அளவைப் பயிற்சி ஒரு வருஷம் காத்திருக்காது.

"சார்" என்றாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "இந்தத் தடவை இப்படியே போகட்டும்."

"என்னது?"

"மறுதேர்வு நடக்கப் போகுது. நடுவுல மாத்தினா பிள்ளைங்க குழம்பிடும்."

"இப்ப விட்டா இந்த வருஷம் பூரா இதான் ஓடும். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

முதலாளியின் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு சிரிப்பு பரவியது. "உங்க தங்கச்சி பொண்ணு மறுதேர்வு எழுதுதுல்ல? அதானே பாத்தேன். வக்கீலை நான் பாத்துக்கறேன், விடுங்க. இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் பொருளம்மா நம்மாளு ஆனீங்க." அன்போடு கடலைப் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

மச்சினன் சிரித்ததைவிட அந்தப் பொட்டலம்தான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் எழுந்து போகவில்லை. பக்கத்தின் அடியில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

குட்டி தேறினாள். சாதாரணமாக இல்லை, முக்கியச் சொற்களில் முழு மதிப்பெண். டீச்சரே கூப்பிட்டுப் பாராட்டினாராம். பயிற்சியில் இடமும் கிடைத்தது. தங்கை அக்கம்பக்கத்துக்கெல்லாம் இனிப்பு கொடுத்தாள். குட்டி அந்த வாரம் முழுக்கப் பெரியம்மாவிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமாகவும் இல்லை. வெளியூர்க்காரரிடம் வழி கேட்பது மாதிரி பேசினாள். பயிற்சிக்குக் கிளம்பும் நாள் பெட்டி கட்டும்போது கைடைத் தூக்கிக் காட்டி, "இதை எடைக்குப் போட்டுடலாமா?" என்று பொதுவாகக் கேட்டாள்.

"போட்டுடாதடி. பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு அடுத்த வருஷம் இதான் பாடமாம். கேட்டிருக்கா" என்றாள் தங்கை.

சொல்லி வைத்தாற்போல் பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்றாள். எண்ணெய் வைத்து வாரிய தலை, கையில் புத்தகத்துக்குப் போட ஒரு புது அட்டை. குட்டி கைடை அவளிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியை மூடப் போனாள்.

"இங்க கொண்டா, ஒரு நிமிஷம்" என்றாள் பொருளம்மா.

கடைசிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அவளை அறியாமல் ஆள்காட்டி விரல் நாக்குக்குப் போய் நனைந்து, மூலையைப் பிரித்துவிட்டது. அப்புறம்தான் விரலைப் பார்த்தாள். உடம்பெல்லாம் கூசியது. ஒரு வேகத்தில் முக்கியச் சொற்கள் பக்கத்தைப் பிடித்து இழுத்தாள். மேலிருந்து பாதிவரை கிழிந்தது.

"ஐயோ பெரியம்மா!" அந்தப் பெண் பதறி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பக்கத்தைக் கிழிக்காதீங்க! அதுலதான் பெயிலாக்கறாங்களாம். குட்டி அக்காவே அதைப் படிச்சுத்தானே பாசானாங்க?"

பொருளம்மா உள்ளறைப் பக்கம் பார்த்தாள். குட்டி பெட்டியின்மேல் முழங்காலை ஊன்றிப் பூட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. இது தப்பு என்று சொல்லப் பொருளம்மா வாயைத் திறந்தாள். சரியானதைச் சொல்லிக்கொடுத்தால் இந்தப் பெண்ணுக்கும் நீளமாக ஒரு கோடுதான் விழும். அந்தப் பெண் அவள் கையை விடவேயில்லை.

"என்னக்கா நீ, புத்தகத்தைப் போய் இப்படிப் பண்ணிட்டியே" என்று தங்கை பசைப் புட்டியைக் கொண்டுவந்து அருகில் வைத்தாள்.

பொருளம்மா பக்கத்தைத் தரையில் விரித்தாள். கிழிந்த இரண்டு ஓரங்களையும் வரிக்கு வரி பொருத்தி, துளிகூட வெளியே வழியாமல் பசை தடவி, விரலால் அழுத்தி நீவினாள். தொழில் தெரிந்த கை. எந்த வரியும் நழுவவில்லை.